புருவப் பென்சிலால்

லாபிஸில் ‘அகப்பை’ இதழை
எல்லாரும் வாசிக்கிறார்கள்.
வாங்குவது நான் ஒருத்திதான்.
மாதம் ஆறு வெள்ளி, கணக்கில் இதர செலவு.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பல்டாக்டருக்கு மேல் மாடியில்
என் சலூன்: நூல் போட்டுப் புருவம் திருத்த எட்டு வெள்ளி,
முடிக்குச் சாயம் அறுபது,
காத்திருப்பது இலவசம்.

காத்திருப்பவர்கள் கையில் பேனா இருப்பதில்லை.
மேசையிலிருக்கும் புருவப் பென்சிலை எடுத்துவிடுகிறார்கள்.
அதனால் கருத்தெல்லாம் தடித்த எழுத்து,
விரல் பட்டால் இழுவிக்கொள்ளும்.

பக்கம் ஒன்பது, ஆட்டிறைச்சிப் பிரியாணி.
‘அரிசி இரண்டு கப்’ என்பதன் கீழே
பூங்காவனம் கோடு போட்டிருக்கிறாள்:
எந்தக் கப்பு? என் வீட்டில் பால்டின்தான்.
அதற்கும் கீழே வேறொரு கை:
பால்டின்னே சரி. தண்ணி மூணு. மீதியைப் படிக்காதே.

பக்கம் பதினேழு, மீன் சம்பால்.
பிளாச்சான் இல்லாமல் சம்பாலா என்று
மூன்று பேர் கோபித்திருக்கிறார்கள்.
மூன்றாமவள் அழுத்திய அழுத்தலில்
முனை ஒடிந்து தாளுக்குள் நிற்கிறது.
பென்சில் பதினாலு வெள்ளி, அம்மா.

‘பத்தே நிமிடத்தில் காலைப் பசியாற.’
செம்பனை மில்லில் இரவு ஷிப்ட் முடித்து
நேரே இங்கு வந்து உட்கார்ந்த நேசமலர் எழுதியது:
நாற்பத்து மூணு நிமிஷம்.
வெங்காயத்தை யார் உரிச்சது?

இருதயமேரி டீச்சர் சமையலைப் பற்றி
வாயே திறப்பதில்லை.
‘கத்திரிக்காய் கறி’க்கு நடுவே ஒரு க் போட்டு
பத்துக்கு ஏழு கொடுத்திருக்கிறார்.

கடைசிப் பக்கம் ‘வாசகர் கருத்து’.
அச்சில் வருகிறவை எல்லாம் ஒரே குரல்:
பிரமாதம், சூப்பர், வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள்.
எந்த ஊரில் இருக்கிறார்கள் இந்த எல்லாரும்?
லாபிஸில் பாராட்டு என்றால்
குழம்புச் சட்டியைச் சோற்றால் வழித்துவிட்டு
பேசாமல் எழுந்து போவது.

ஆகவே ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாதபோது,
ஓரங்களில் இருந்ததை எல்லாம் பெயர் போட்டு
நாலு தாளில் எழுதி, தபால்தலை ஒட்டி
ஆசிரியருக்கு அனுப்பினேன்.

ஒன்றை மட்டும் அனுப்பவில்லை.

பக்கம் முப்பத்தொன்று, முட்டைக் குழம்பு.
அது மட்டும் நீல மை.
பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற தவசீலன்
மகளுக்கு நெற்றிமுடி வெட்ட வந்தவன்,
ரசீது எழுதும் பேனாவால்:
செய்தேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.
அம்மா வைக்கிற மாதிரி இல்லை என்றார்கள்.
மறுநாளும் கேட்டார்கள்.

அம்மா சிங்கப்பூரில், மைக்ரோசிப் கம்பெனியில்.
தீபாவளிக்கு நாலு நாள் லீவில் வந்தாள்.
ஒரு புருவம் முடிந்திருந்தது.
மறு புருவத்துக்கு நான் நூல் மாற்றுவதற்குள்
மடியில் கிடந்த இதழைப் புரட்டியவள்
அந்தப் பக்கத்தில் நின்றாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பென்சிலுக்குக் கை நீட்டினாள்.
பூண்டை நறுக்காதே. தட்டிப் போடு.
புளி கடைசியில்.
அவ்வளவுதான். கையெழுத்து இல்லை.
மறு புருவம் கொஞ்சம் கோணிவிட்டது,
நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.
எட்டு வெள்ளியில் நாலை வாங்கிக்கொண்டேன்.

இந்த மாத ‘அகப்பை’ நேற்று வந்தது.
நாலு தாளும் சுண்டி
ஒரே வரியாக அச்சாகியிருக்கிறது:
‘அனைத்துக் குறிப்புகளும் அருமை. வாசகி, லாபிஸ்.’

இன்று காலை கடை திறந்து அரைமணிகூட ஆகவில்லை,
அதன் பக்கத்தில், தடித்த எழுத்தில்:
பொய். இவள் ஒன்றையும் சமைத்துப் பார்த்ததில்லை.

உண்மைதான்.
எனக்குப் பகலும் இரவும் கீழ்க்கடைச் சாப்பாடு.
எழுதியது யாரென்றும் தெரியும்.
‘பார்த்ததில்லை’யில் ஒரு த் விட்டுப்போயிருந்தது,
டீச்சர் வருவதற்குள்
நானே போட்டு வைத்தேன்.